முதலில் ஸ்டேஷன், அப்புறம் கட்டிடம்: கிண்டியில் ஆபீஸ் பிடித்த அனுபவம்

வாடகைக்கு ஆபீஸ் தேடுகிறவர்கள் பெரும்பாலும் சதுர அடிக்கு எவ்வளவு என்பதில் ஆரம்பிப்பார்கள். நாங்கள் ஆரம்பித்தது ஒரு எக்செல் ஷீட்டில். எங்களிடம் வேலை பார்க்கும் இருபத்தைந்து பேரின் பெயர், வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன் அல்லது பஸ் ஸ்டாப், காலையில் கிளம்பும் நேரம், ராத்திரி எத்தனை மணிக்கு மேல் அவர்கள் ஏரியாவுக்குள் ஷேர் ஆட்டோ ஓடாது. கடைசி விவரத்தையும் சேர்க்கச் சொன்னது எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்கா. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் இறங்கி அதற்குப் பிறகும் உள்ளே போக வேண்டியவர் அவர். ஆபீஸ் நேரத்தை முடிவு செய்யும்போது அந்த ஷீட்டில் அதிகம் பயன்பட்டது அந்த விவரம்தான்.

எங்களுடையது சின்ன கம்பெனி. வெளிநாடுகளில் எழும்பும் ஸ்டீல் கட்டிடங்களுக்கு எந்த உத்தரம் எந்தத் தூணோடு எத்தனை போல்ட்டில் சேர வேண்டும் என்று வரைந்து கொடுக்கிற வேலை. முன்பு பெருங்குடியில், ஓ.எம்.ஆரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கட்டிடத்தில் இருந்தோம். இடத்தைக் குறை சொல்ல முடியாது. 2019 கோடையில் அந்தப் பக்கம் பல கம்பெனிகள் தண்ணீர் இல்லாமல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபோதுகூட லாரித் தண்ணியை வைத்துச் சமாளித்தோம். ஆனால் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக ஓ.எம்.ஆரில் தடுப்பு வைத்த பிறகு நிலைமை மாறிவிட்டது. தாம்பரத்துக்காரர்கள் வேளச்சேரியைத் தாண்டி வந்து சேர்வதற்குள் களைத்துப்போவார்கள். ஆவடிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். கம்பெனி வேன் வைத்தோம், அதுவும் அதே நெரிசலில்தான் நின்றது. வேலையை விட்டவர்களிடம் காரணம் கேட்டால் சம்பளத்துக்கு அடுத்தபடி வந்த பதில், "டிராவல் முடியல சார்."

ஷீட்டை நிரப்பிப் பார்த்தால் படம் தெளிவாக இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் குரோம்பேட்டையிலிருந்து செங்கல்பட்டு வரைக்குமான எலக்ட்ரிக் ட்ரெயின் பாதையில் இருந்தார்கள். அடுத்த கூட்டம் ஆவடி, அம்பத்தூர். திருவொற்றியூர், தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சிலர். மிச்சம் வேளச்சேரி, மடிப்பாக்கம், போரூர். இந்தக் கோடுகளை எல்லாம் காகிதத்தில் போட்டால் அவை வந்து குவிகிற இடம் கிண்டி. எலக்ட்ரிக் ட்ரெயினும் மெட்ரோவும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் போகும் நீல வழித்தடம் கிண்டி வழியாகத்தான் போகிறது. அதனால் திருவொற்றியூர்க்காரர் ஏறினால் இறங்குவது கிண்டியில்தான், நடுவில் மாற வேண்டியதில்லை. ஆவடிக்காரர் சென்ட்ரல் வரை ட்ரெயினில் வந்து, அங்கே மெட்ரோ பிடிக்கலாம். காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறலாம். எங்கள் ஆவடி தம்பிகள் சம்பள வாரத்தில் மெட்ரோவிலும் மாசக் கடைசியில் பார்க் ஸ்டேஷன் வழியாகவும் வருகிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், புரோக்கர்கள் "மெட்ரோ பக்கம்" என்று சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது. எந்த மெட்ரோ, எந்த வழித்தடம், நம் ஆட்கள் எங்கே மாற வேண்டும் என்று கேட்க வேண்டும். கோயம்பேடு பக்கத்திலிருந்து பச்சை வழித்தடத்தில் வருகிறவர் கிண்டிக்கு ஆலந்தூரில் மாற வேண்டும். ஆலந்தூரில் மாறுவது சுலபம்தான் என்றாலும் தினமும் இரண்டு முறை மாறுவது ஒரு வேலைதான். கட்டணமும் முக்கியம். மெட்ரோவில் ஒரு தடவை போக அதிகபட்சம் 50 ரூபாய், போக வர 100. எலக்ட்ரிக் ட்ரெயினில் சீசன் டிக்கெட் எடுத்தால் ஒரு மாசச் செலவு மெட்ரோவின் சில நாள் செலவுக்குள் முடிந்துவிடும். பதினெட்டாயிரம் சம்பளத்தில் சேரும் பையனுக்கு, மெட்ரோ மட்டும் இருக்கிற ஆபீஸும் இரண்டும் இருக்கிற ஆபீஸும் ஒன்றல்ல. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால் வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்துப் பெண்கள் பஸ் ஸ்டாப்பைத்தான் முதலில் கேட்டார்கள்.

இரண்டு வண்டிப்பாதை இருப்பதில் இன்னொரு லாபம், ஒன்று படுத்தால் மற்றது கைகொடுக்கும். தண்டவாளப் பராமரிப்பு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் எலக்ட்ரிக் ட்ரெயினைக் குறைப்பது சென்னைக்குப் பழக்கம். டெலிவரி நெருக்கடியில் ஞாயிறும் ஆள் வரவேண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு அன்று மெட்ரோதான் கதி.

"இங்க மெட்ரோ வரப்போகுது சார், இப்பவே பிடிச்சுப் போடுங்க" என்று போரூர் பக்கமும் மேடவாக்கம் பக்கமும் சில இடங்களைக் காட்டினார்கள். இரண்டாம் கட்டத்தில் மூன்று வழித்தடம், கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர். முடிந்ததும் நகரமே மாறும், சந்தேகமில்லை. ஆனால் வாடகை இந்த மாசத்திலிருந்து கொடுக்கிறோம். திறக்காத ஸ்டேஷனுக்கு நான் காசு கொடுப்பதில்லை. அதற்கு மாறாக, ஸ்டேஷன் வேலை நடக்கும் தெருவில் இருக்கும் கட்டிடத்துக்குத் தூசிக்கும் தடுப்புக்கும் சேர்த்து வாடகையைக் குறைத்துக் கேட்கலாம்.

கிண்டிக்கு முன்னால் மவுண்ட் ரோடும் பார்த்தோம். எல்.ஐ.சி. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டிடம், உள்ளே அருமையாகப் புதுப்பித்திருந்தார்கள். மெட்ரோ வாசலிலேயே இருக்கிறது. ஆனால் எலக்ட்ரிக் ட்ரெயின் பிடிக்க எழும்பூருக்கோ சேத்துப்பட்டுக்கோ போக வேண்டும், எங்கள் தாம்பரம் கோஷ்டிக்கு அது உதவாது. அதோடு விட்டுவிட்டோம்.

கிண்டி என்று முடிவான பிறகு கட்டிடம் பார்க்கும் படலம். 1958-ல் தொழிற்பேட்டை வந்த இடம் இது. லேத் பட்டறையும் வார்ப்படச் சாலையும் இருந்த தெருக்களில் இன்று கண்ணாடிக் கட்டிடங்கள். பெரிய ஐ.டி. பூங்காக்களில் எங்களுக்குக் கட்டுபடியாகாது. எங்கள் வரவுக்கு ஏற்றது பட்டறைக்காரர்களின் பிள்ளைகள் அப்பாவின் கட்டிடத்தைப் புதுப்பித்து ஆபீஸாக விடுகிறார்களே, அந்த ரகம். மூன்று நான்கு மாடி, ஒரு லிஃப்ட், கீழே இருபது வண்டி நிற்க இடம்.

ஒவ்வொரு இடத்துக்கும் புரோக்கர் சொல்லும் தூரம் அஞ்சு நிமிஷம்தான். அவர் சொல்வது பொய்யில்லை, அவர் பைக்கில் வருகிறார். நாங்கள் காலை ஒன்பது மணிக்கு ட்ரெயினில் வந்து இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகப் படியேறி, ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்து நடந்து பார்த்தோம். மேப்பில் ஐந்நூறு மீட்டர் காட்டிய ஓர் இடத்துக்குப் போகப் பன்னிரண்டு நிமிடம் ஆனது, ரோட்டைக் கடக்கவே அதில் பாதி. இன்னொன்று தூரத்தில் அதிகம், ஆனால் பாதை நேராக, நடைபாதையோடு இருந்தது. அதுதான் கடைசியில் எடுத்த இடம். அதே பாதையை ராத்திரி எட்டரைக்கு எங்கள் ஆபீஸ் பெண்கள் இரண்டு பேர் நடந்து பார்த்துவிட்டு வந்து சொன்ன தகவல்கள் எனக்குத் தோன்றியிருக்காதவை. ஒரு தெருவில் மூன்று விளக்கில் ஒன்றுதான் எரிகிறது. டாஸ்மாக் இருக்கும் முனையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. தெருக் கோடியில் ஒரு மெடிக்கல் ஷாப் பத்து மணி வரை திறந்திருக்கிறது. அந்த மெடிக்கல் ஷாப்புக்காகவே அவர்கள் ஒரு இடத்துக்கு ஓட்டுப் போட்டார்கள்.

வெள்ளம் பற்றி ஓனரிடம் கேட்பது வீண். "நம்ம தெருவுல நிக்காது சார்" என்பதைத் தவிர வேறு பதில் எந்த ஓனரிடமும் கிடையாது. டீக்கடையில் கேட்க வேண்டும். ஒரு டீக்கடை அண்ணனிடம் பேச்சுக் கொடுத்ததும் அவர் எண்ணெய்ச் சட்டியைக் கீழே இறக்கிவிட்டு வெளியே வந்தார். ஷட்டரின் ஓரத்தில் துருப்பிடித்த ஒரு கோட்டை விரலால் தொட்டு, "இது 2015. மிக்ஜாம்ல இதுக்கு ஒரு சாண் கீழ" என்றார். எதிரிலிருந்த கட்டிடத்தின் தரைத்தளத்தைத்தான் புரோக்கர் எங்களுக்குக் காட்டியிருந்தார். ஈபி மீட்டர் பெட்டியும் ஜெனரேட்டரும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தன. நாம் மூன்றாம் மாடியில் இருந்தாலும் மீட்டர் மூழ்கினால் மேலேயும் இருட்டுதான். அன்றிலிருந்து எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் முதலில் மீட்டர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

இனி புதுப்பித்தல் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் பார்த்த கட்டிடங்களில் புதுசாக இருந்தது பெரும்பாலும் கண்ணுக்கு எட்டுகிற இடங்கள்தான். தரையில் பளபளக்கும் டைல், கண்ணாடித் தடுப்பு, எல்.இ.டி. பேனல், ரிசப்ஷன் சுவரில் மரப்பலகை. எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்த ஒரு மாடிக்கு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட்டிப் போனேன். அவர் ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தூக்கி, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னையும் ஏறிப் பார்க்கச் சொன்னார். மேலே கான்கிரீட்டில் ஈரம் காய்ந்த மஞ்சள் வளையங்கள். அதன் கீழே பழைய அலுமினிய ஒயர், ஒவ்வொரு விளக்குக்கும் பக்கத்தில் வந்ததும் கறுப்பு டேப் சுற்றி அரை மீட்டர் புது ஒயராக மாறியது. "கீழ இருந்து பாத்தா எல்லாமே புதுசு சார். தீப்பிடிக்கிறதுன்னா இந்த ஜாயின்ட்லதான் பிடிக்கும்" என்றார். கூட வந்த புரோக்கர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர ஏறவில்லை.

அந்த அண்ணனோடு சுற்றியதில் நான் கற்றுக்கொண்டது நிறைய. பாத்ரூமில் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு ஃப்ளஷ்ஷை அழுத்த வேண்டும். தண்ணீர் சுருண்டு மேலே வந்தாலோ தரை ஜாலியில் சலசலப்பு கேட்டாலோ, டைலை மட்டும் மாற்றிக் குழாயை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். ஏசிக்கு உள்ளே தொங்கும் பெட்டியைப் பார்த்து மயங்காமல் மொட்டை மாடிக்குப் போய் வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் வருஷத்தைப் படிக்க வேண்டும். தகடு இல்லாமல் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் அதுவே பதில். லிஃப்ட்டுக்குள் லைசென்ஸ் மாட்டியிருக்கிறதா, அதில் தேதி என்ன என்று பார்க்க வேண்டும். முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டிருந்தால் திறக்கிற ஜன்னல் எத்தனை என்று எண்ண வேண்டும். ஒரு கட்டிடத்தில் ஒன்றுகூட இல்லை. மேற்குப் பார்த்த கண்ணாடி வேறு. மே மாசம் மாலை நாலு மணிக்குக் கரண்ட் போனால் உள்ளே இருக்கிறவர்கள் வெந்து போவார்கள்.

கடைசியில் எடுத்த இடம் பார்வைக்கு அவ்வளவு அழகில்லை. டைல் நிறம் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. ஓனர் எழுபதைத் தாண்டியவர், கீழ்த்தளத்தில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். சீலிங்கைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டதும், "பாருங்க தம்பி, அதுக்குத்தான் செலவு பண்ணேன். பையன் ரிசப்ஷனுக்குப் பண்ணுங்கறான்" என்று சிரித்தார். மெயின் போர்டிலிருந்து முனை வரை புது செப்பு ஒயர், ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பேர் எழுதி ஒட்டியிருந்தது. மின்கசிவைத் தரைக்குள் இறக்கும் எர்த் பிட் இருக்கும் இடத்தைத் தானே கூட்டிப்போய்க் காட்டினார். இயந்திரத்தோடு வாழ்ந்தவர்களின் கட்டிடத்துக்கு நான் கொஞ்சம் கூடுதல் மார்க் போடுவேன்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஈபி இணைப்பு இன்னும் பட்டறைக் காலத்து டாரிஃபிலேயே இருந்தது, லோடு, அதாவது எடுக்க அனுமதித்த மின்சார அளவு, வெறும் 12 கிலோவாட். ஆபீஸுக்குக் கமர்ஷியல் டாரிஃப் வேண்டும். பழையதை வைத்துக்கொண்டு ஓட்டினால் ஈபியின் சோதனை ஸ்குவாட் வந்தால் அபராதம் நம் தலையில்தான் விடியும். லோடைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். எங்கள் கம்ப்யூட்டர்கள் 3டி மாடல் ஓட்டுபவை, இரண்டு மானிட்டரோடு ஒன்றுக்கு 350 வாட். இருபத்தைந்துக்கு ஏறக்குறைய 9 கிலோவாட். மேலே வெயில் இறங்கும் மாடி என்பதால் 120 சதுர அடிக்கு ஒரு டன் என்று ஏசி வைத்தால் 14 டன் அளவுக்கு வரும், அது ஒரு 15 கிலோவாட். விளக்கு, சர்வர், தண்ணி மோட்டார், காபி மெஷின் எல்லாம் சேர்த்து 30 கிலோவாட் கேட்டோம். கூடுதல் லோடுக்கான டெபாசிட் ஓனர் பேரில் ஈபியிடமே இருக்கும் பணம், ஆகவே அதை ஓனர்தான் கட்ட வேண்டும் என்று நின்றோம். ஒப்புக்கொண்டார். லோடு வந்த அன்றிலிருந்துதான் வாடகை ஆரம்பம் என்று எழுதிக்கொண்டோம். அது வருவதற்குள் டேபிள், நெட்ஒர்க் வேலையை முடித்துக்கொண்டதால் வாடகை இல்லாத நாட்கள் தானாகவே கிடைத்தன.

வாடகைக் கணக்கு. ஓனர் சொன்னது 2,400 சதுர அடி, அடிக்கு 65 ரூபாய். டேப் பிடித்து உள்ளே அளந்தால் நாங்கள் புழங்கக்கூடிய இடம் 1,650. மிச்சம் படிக்கட்டு, லிஃப்ட், வராண்டாவில் நம் பங்கு. இது ஏமாற்று இல்லை, சென்னையில் எல்லா இடத்திலும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு இடத்தை ஒப்பிடும்போது உள்ளளவை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். 65 ரூபாய் என்பது எங்களுக்கு அடிக்கு 94 ரூபாய்க்கு மேல் வந்தது. வேறொரு கட்டிடத்தில் 70 சொன்னார்கள், ஆனால் உள்ளளவு அதிகம் என்பதால் அது மலிவாக இருந்தது. இந்தக் கணக்கைக் காட்டியதும் ஓனர் 60-க்கு இறங்கினார். மாசம் 1,44,000.

அட்வான்ஸ் பத்து மாசம் கேட்டார். 2017-ல் வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாச வாடகை என்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக எழுதிக்கொள்ளலாம் என்றும் இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தில்தான் சென்னையின் பத்து மாசம் குடியிருக்கிறது. சட்டத்தைச் சொல்லிப் பேச ஆரம்பித்ததில் ஆறு மாசத்தில் நின்றது, 8,64,000 ரூபாய்.

ஜி.எஸ்.டி. விஷயம் எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்கா பிடித்தது. நாங்கள் எடுத்த மூன்றாம் மாடி, ஓனரின் மனைவி பேரில் இருக்கிறது. வருஷ வாடகை 17,28,000, வேறு வருமானம் இல்லை, 20 லட்சத்துக்குள் வருவதால் அந்த அம்மா ஜி.எஸ்.டி. பதிவு செய்யவில்லை. "அப்போ டாக்ஸ் இல்லை" என்று புரோக்கர் சந்தோஷப்பட்டார். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடமிருந்து பதிவு பெற்ற கம்பெனி வணிக இடத்தை வாடகைக்கு எடுத்தால் 18 சதவீதத்தை வாடகைக்காரரே கட்ட வேண்டும். மாசம் 25,920 ரூபாய், அதையும் நாங்கள் மற்றவற்றுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி. கிரெடிட்டில் கழிக்க முடியாது, பணமாகக் கட்ட வேண்டும். கட்டிய பிறகு கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் எங்களைப் போல ஏற்றுமதி மட்டும் செய்கிறவர்களுக்கு அது ரீஃபண்டாகத் திரும்பும் வரை கையில் இருக்கும் பணம்தான் முடங்குகிறது. இதைத் தவிர வாடகையில் 10 சதவீதம், அதாவது 14,400, டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். அந்த அம்மாவுக்கு இது புதுசு. "மாசாமாசம் குறைச்சுத் தர்றீங்களே" என்று முதல் மாசம் போன் செய்தார்கள். பான் கணக்கில் வந்து விழுந்திருப்பதை அவர்கள் பேரன் மொபைலில் காட்டிய பிறகுதான் சமாதானமானார்கள். இந்தப் பேச்சை அக்ரிமென்ட் போடும் முன்பே ஓனரிடம் பேசிவிடுவது நல்லது, சின்னக் கட்டிட ஓனர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

அக்ரிமென்ட்டைப் பதினொரு மாசத்துக்குப் போட்டுக்கலாம், ரிஜிஸ்டர் செலவு மிச்சம் என்று புரோக்கர் சொன்னார். உள்ளே பல லட்சம் செலவு செய்து ஒயரும் டேபிளும் போடப் போகிறவர்களுக்கு இது ஆகாது. ஐந்து வருஷத்துக்குப் போட்டு சார்பதிவாளர் ஆபீஸில் பதிவு செய்தோம். முதல் இரண்டு வருஷம் இரு தரப்பும் காலி செய்யவோ செய்யச் சொல்லவோ முடியாது, அதன் பிறகு நாங்கள் மூன்று மாச நோட்டீஸில் கிளம்பலாம். வாடகை ஏற்றம் வருஷம் 5 சதவீதமா, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை 15 சதவீதமா என்று கேட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். வருஷா வருஷம் ஏறினால் மூன்றாம் வருஷத்திலேயே 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருப்போம், நாலாம் வருஷம் அது 15-ஐயும் தாண்டும். இரண்டாவதை எடுத்துக்கொண்டோம்.

எதிர்பாராமல் இழுத்தது ஜி.எஸ்.டி. முகவரி மாற்றம். அதற்கு ஈபி ரசீது அல்லது சொத்து வரி ரசீது, ஓனரின் சம்மதக் கடிதம் எல்லாம் ஒரே பேரில் இருக்க வேண்டும். பத்திரம் அந்த அம்மா பேரில், ஈபி ஓனர் பேரில், சொத்து வரியோ இறந்துபோன மாமனார் பேரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பேர் மாற்றி முடியும் வரை எங்கள் பில்களில் பெருங்குடி முகவரிதான். இடத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும் முன் இந்த ரசீதுகளின் நகலைக் கேட்டு வாங்கிப் பேரை ஒத்துப் பாருங்கள். கூடவே சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது மாநகராட்சி அனுமதித்த வரைபடத்தில் நாம் எடுக்கும் மாடி இருக்கிறதா என்றும் பாருங்கள். அனுமதி மூன்று மாடிக்கு, கட்டியது நாலு என்கிற கட்டிடங்கள் இந்தப் பக்கம் அபூர்வமில்லை.

வந்து செட்டில் ஆன பிறகு தெரிந்த மாற்றங்களில் எனக்கு ஆச்சரியம் தந்தது பார்க்கிங். பெருங்குடியில் பைக் நிறுத்த இடத்துக்குச் சண்டை நடக்கும். இங்கே எங்களுக்கு ஒதுக்கிய பன்னிரண்டில் பாதி காலியாகக் கிடக்கிறது. வேனை நிறுத்தியதில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை எல்லோருக்கும் பயணப்படியாகக் கொடுக்கிறோம், சீசனோ மெட்ரோ கார்டோ அவரவர் விருப்பம். காலை ஒன்பதரைக்கு வர வேண்டியவர்கள் முன்பு பத்து வரை ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். இப்போது எலக்ட்ரிக் ட்ரெயின் வரும்போது மொத்தமாக வருகிறார்கள், லிஃப்ட்டில் கூட்டம் தாங்காது. அதனால் ஒரு குழுவுக்கு ஒன்பது, மற்றதற்கு ஒன்பதே முக்கால் என்று மாற்றினோம். கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டுக்காரர்கள் எல்லோரும் முதல் குழு. மாலையில் ஷேர் ஆட்டோ நிற்பதற்குள் அவர்கள் ஊர் சேர்ந்துவிட வேண்டும்.

குறைகளும் உண்டு. பராமரிப்புக் கட்டணத்தை ஆன செலவுக்கு ஏற்ப என்று எழுதியிருந்தோம், கோடையில் தண்ணி லாரி செலவு ஏறியபோது இரண்டாம் மாடி காலியாக இருந்ததால் அதன் பங்கும் எங்கள் மேல் விழுந்தது. காலியாக இருக்கும் மாடியின் பங்கை ஓனர்தான் ஏற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பேசி வாங்கினோம். நடைபாதையில் ஒரு இடத்தில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி மூடியவர்கள் பலகையைச் சரியாகப் போடவில்லை, மழை நாளில் அங்கே எல்லோரும் ரோட்டில் இறங்கித்தான் நடக்கிறார்கள்.

இரண்டாம் மாடியில் இப்போது உடைத்துப் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது. வேலை நேரத்தில் டிரில் போடக் கூடாது என்று எங்கள் அக்ரிமென்ட்டில் இருக்கிறது. "ராத்திரி வேலைக்கு ஆள் கூலி ஜாஸ்தி கேக்கறான் தம்பி" என்று ஓனர் வந்து நின்றார். எங்கள் வெளிநாட்டு போன் கால்கள் மத்தியானத்துக்கு மேல்தான் ஆரம்பிக்கும் என்பதால் காலை பதினொன்று வரை போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுத்தோம். பதிலுக்கு, நாங்கள் காலி செய்யும்போது சுவருக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்கத் தேவையில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டோம். சாவி வாங்கிய அன்று ஒவ்வொரு அறையையும், சீலிங்குக்கு மேலேயும் சேர்த்து எடுத்த வீடியோ ஓனருக்கும் எனக்குமான வாட்ஸ்அப்பில் இருக்கிறது. இரண்டாம் மாடிக்கு வரப்போகிறவர் ஒருநாள் மேலே வந்து எங்கள் அட்வான்ஸ் எவ்வளவு என்று விசாரித்தார். அதைச் சொல்லிவிட்டு, ஈபி லோடுக்கு இப்போதே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், டைல் ஒட்டி முடியட்டும் என்று காத்திருந்தால் ஒரு மாச வாடகை வீணாகப் போகும் என்றேன். மறுநாளே ஓனர் லைன்மேனோடு மீட்டர் பெட்டியைத் திறந்துகொண்டு நின்றார்.